ஆர்.பி.ஜி. தெரிந்த ஆள் கிடைப்பாரா?



இன்று உபயப் பட்டியலும் இல்லை, அன்னதான அறிவிப்பும் இல்லை. வேலையிடத்தில் நாங்கள் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் காய்கறி வெட்டுவோம், பந்தி பரிமாறுவோம். மற்ற நாள்களில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குப் போவோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாமே. எங்களில் மூத்தவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். 2013 முதல் நம் நாட்டுத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அண்ணனுக்கு அடுத்த ஆண்டு அறுபது முடிகிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் நிறுவனத்தின் சரக்கு, கணக்கு, கவுண்டர் வசூல் எல்லாம் ஓடுவது ஐபிஎம்மின் ஏஎஸ்/400 வகைக் கணினியில். 1988-இல் வந்தது. பல முறை பெயர் மாறி, இன்றைக்கும் புதிய இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நிரல்கள் எழுதப்பட்ட மொழி ஆர்.பி.ஜி. கணக்கு அறிக்கைகளை அச்சடிப்பதற்காக ஐபிஎம் 1959-இல் உருவாக்கிய மொழி அது. பழைய முறையில் ஒவ்வொரு எழுத்தும் வரியில் அதற்குரிய கட்டத்தில் உட்கார வேண்டும். ஒரு கட்டம் தள்ளிப்போனால் கதை கந்தல். இப்போது கட்டமில்லாமல் எழுதலாம். ஆனால் எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி பழையது.

"பழசுதானே, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கலாமே?" என்று கேட்பீர்கள். எங்கள் மேலாளரும் கேட்டார். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கழிவு, எந்தச் சரக்குக்கு எந்த வரி, எப்போது எது மாறியது என்று முப்பது ஆண்டு வழக்கமெல்லாம் அந்த நிரல்களுக்குள்தான் இருக்கிறது. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. மாற்றுவதென்றாலும் முதலில் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆகவே விளம்பரம் போட்டோம். 'ஆர்.பி.ஜி.யில் எட்டு ஆண்டு அனுபவம்' என்று எழுதினோம். இரண்டு மாதத்தில் வந்த விண்ணப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே அந்த மொழி தெரிந்தவர்களில் பலர் வங்கி, காப்புறுதி நிறுவனங்களில் நிலையாக இருக்கிறார்கள். சிலர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் அண்ணன் வயதுக்காரர்கள்.

எண்ணிக்கைக்காக ஒரு பெண்ணையும் கூப்பிட்டோம். கிள்ளான் பிள்ளை. டிப்ளோமா முடித்து, ஜாவாவில் இரண்டு ஆண்டு வேலை செய்தவர். ஆர்.பி.ஜி. ஒரு வரிகூடத் தெரியாது. அதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். எங்கள் கேள்விகளோ, செயின் கட்டளைக்கும் செட்எல்எல் கட்டளைக்கும் என்ன வேறுபாடு என்பது மாதிரி. பாவம், எல்லாவற்றுக்கும் "தெரியாது சார்" என்றார்.

கடைசியில் அண்ணே தன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கவுண்டர் வசூல் நிரலின் பழைய அச்சு. "சும்மா படிச்சுப் பாரும்மா. என்ன புரியுதுன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பெண் பென்சில் கேட்டார். கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு கேட்டார்: "சார், இது ஒவ்வொரு பொருளுக்கும் அஞ்சு காசுக்கு ரவுண்ட் பண்ணுதா? மொத்தத்துக்குத்தானே பண்ணணும்?"

விஷயம் இதுதான். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கடைகளில் ரொக்கமாகக் கட்டும்போது, பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்கிறார்கள். பொருள் பொருளாக அல்ல, மொத்தத்தை. 2.02 வெள்ளிப் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 6.06, கட்ட வேண்டியது 6.05. ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்தால் 6.00 ஆகிவிடும். ஒரு பில்லில் ஐந்து காசு. நாள் முழுக்க, எல்லாக் கவுண்டரிலும் என்றால்? 2008-இல் இந்தப் பிழையை அண்ணனே கண்டுபிடித்துத் திருத்தினார். கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனதாம். அந்த ஞாபகத்துக்காகத்தான் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்.

மொழியே தெரியாத ஒருவர் கால் மணி நேரத்தில் அதைப் பிடித்தார்.

நியாயமாகப் பார்த்தால் அன்றே முடிவெடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மதிப்பெண் தாளில் 'அனுபவம்' என்ற வரிசைக்குத்தான் அதிக மதிப்பெண். அதில் அவருக்குப் பூஜ்யம். 'சரியான கேள்வி கேட்டார்' என்று எழுத வரிசையே இல்லை. எட்டு ஆண்டு அனுபவம் இருந்த இன்னொருவரை எடுத்தோம். கேள்வி அத்தனைக்கும் பதில் சொன்னவர். ஆனால் முன்பு இருந்த இடத்தில் அவர் பார்த்தது ஒரே ஒரு சின்னப் பகுதி. எங்கள் நிரல்களைத் தொடவே தயங்கினார். நான்காவது மாதம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர்மேல் குறை இல்லை. தவறான கேள்விகளைக் கேட்டது நாங்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு போகும்போது, இலைக்கு முன்னால் அந்தப் பெண். பக்கத்தில் அம்மா. "வணக்கம் சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தார், உட்காரச் சொன்னோம். அம்மாதான் பேசினார்.

"நீங்கதானா தம்பி அந்த ஆபீஸு? ரெண்டு வாரம் போனையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இல்லேன்னாலும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. உண்மைதான், 'நன்றி, இம்முறை இயலவில்லை' என்று ஒரு மின்னஞ்சல்கூட நாங்கள் அனுப்பவில்லை. மனிதவளப் பிரிவு அனுப்பும் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் சொல்வோம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பெண் ஏற்கெனவே வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். "பரவால்ல சார், நல்ல இடம்தான்" என்றார். ரசம் ஊற்றிவிட்டு நகர்ந்தோம். வேறென்ன செய்ய?

அன்று அண்டா கழுவும்போது அண்ணே சொன்னார்: "நம்ம ஆலயத்துக்கு நாதஸ்வரக்காரர் எடுத்தப்ப என்ன பண்ணோம்? சர்ட்டிபிகேட்டா பார்த்தோம்? உட்கார வச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். ஆபீஸ்ல மட்டும் ஏண்டா காதை மூடிக்கிட்டோம்?"

பதில் சொல்ல முடியவில்லை.

இது எங்கள் ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. 2020 ஏப்ரலில், கோவிட் நேரத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி பகிரங்கமாகக் கேட்டார். வேலையிழந்தோருக்கு உதவித்தொகை வழங்கும் அமைப்பு அந்தப் பழைய மொழியில் ஓடிக்கொண்டிருந்தது. தேவை தலைக்கு மேல் வந்த பிறகு ஆள் தேடினால் அப்படித்தான்.

இன்னோர் உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. ஆலயக் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறோமே, அந்த வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எழுதப்பட்டது எர்லாங் மொழியில். எரிக்சன் நிறுவனம் 1980-களில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய மொழி. அதிகம் பேருக்குத் தெரியாது. 2014-இல் பேஸ்புக் அதை 19 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டபோது அங்கே இருந்த பொறியாளர்கள் முப்பத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் எர்லாங்கை வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

இப்போது நாங்கள் மாற்றிக்கொண்டவை:

ஒன்று, விளம்பரத்தில் ஆண்டுக்கணக்கு இல்லை. 'ஆர்.பி.ஜி. தெரிந்தால் நல்லது; தெரியாவிட்டால் சொல்லித் தருகிறோம்' என்று போடுகிறோம்.

இரண்டு, மனப்பாடக் கேள்வி இல்லை. உண்மையான நிரல் ஒன்று, பென்சில் ஒன்று, அரை மணி நேரம். பதிலைவிட அவர்கள் கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொள்கிறோம்.

மூன்று, வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் எங்களில் ஒருவர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றாலும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மொழி என்று ஒதுக்காதீர்கள். அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டும் சேராதீர்கள். அதிலேயே பத்து வருடம் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது வேறெதுவும் தெரியாமல் நிற்கும் ஆபத்து உண்டு. நேர்முகத் தேர்வில் நீங்களும் கேளுங்கள்: யார் சொல்லித் தருவார்? அவர் இன்னும் எத்தனை நாள் இருப்பார்? புதிய தொழில்நுட்பத்தையும் தொட விடுவீர்களா? மழுப்பினால் யோசியுங்கள்.

எங்களுக்கு இப்போது ஒரு பையன் கிடைத்திருக்கிறான். பொலிடெக்னிக் முடித்தவன். தாளைப் பார்த்ததும் விடையைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது கேள்வி கேட்டான். வாரம் மூன்று மதியம் அண்ணே பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறான். அண்ணனுக்கு மிச்சமிருப்பது பத்து மாதம். முப்பது வருடத்தைப் பத்து மாதத்தில் இறக்கி வைக்க முடியுமா? முடிந்தவரை செய்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டியது.

உங்கள் குடும்பத்தில் ஆர்.பி.ஜி., கோபால் தெரிந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். ஞாயிறு பந்தி முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மணி நேரம், நம் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சொல்லித் தந்தால் போதும். காப்பி எங்கள் செலவு.

அந்தத் தங்கை இதைப் படித்தால்: மன்னித்துக்கொள்ளம்மா. அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.