கூடத்துச் சூடும் மேலறைக் குளிரும்

இலண்டன் மாநகரில் வாழும் உற்றார் உறவினரோடு தொலைபேசியிற் பேசுங்கால், மார்கழி தை மாதங்களில் 'ஹீற்றிங்' என்னும் சொல் அடிக்கடி செவியில் விழுவதை நம் வாசகர்கள் அறிவர். இங்கு அஃதின்றி மாரிகாலத்தைக் கழித்தல் அரிது. சமையலறைச் சுவரிலே தொங்கும் கொதிகலன் எரிவாயுவினால் நீரைச் சூடாக்கும்; சிறு பம்பி ஒன்று அந்நீரைக் குழாய்வழி வீடெங்கும் ஓட்டும்; அறைதோறும் சுவரோரம் நிற்கும் 'ரேடியேற்றர்' என்னும் உருக்குத் தகட்டுப் பெட்டியினுள் அது புகுந்து, தன் சூட்டை அறைக்கு ஈந்து, மீண்டும் கொதிகலனை வந்தடையும். ஓடுவது எந்நாளும் அதே நீர்தான். எனவே ஓரிடத்திற் கை வைத்தால் அதன் பயன் வேறோரிடத்தில் தோன்றவுங் கூடும்.

ஹரோப் பகுதியிலுள்ள எமது வீட்டின் கூடத்துச் சுவருக்குச் சென்ற மாரியில் வண்ணம் பூச நேர்ந்தது. எண்பது வயதைக் கடந்த எமது அன்னையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். பொங்கலுக்கு முன் வீடு பொலிவுற வேண்டுமென்பது இல்லத்தரசியின் ஆவல். பூச வந்தவர் ரேடியேற்றரைக் கழற்றி, உள்ளிருந்த கறுத்த நீரை வாளியிலே வடித்து, சுவரைச் செப்பமாகப் பூசி, மூன்றாம் நாள் பெட்டியை மீளப் பொருத்திவிட்டுக் கூலியோடு சென்றார். சுவரைப் பொறுத்தவரையில் ஒரு குறையுஞ் சொல்வதற்கில்லை. ஆனால், அன்று மாலை கொதிகலன் எரிய மறுத்துவிட்டது.

வெளியே நீர் உறையத் தொடங்கும் குளிர். அழைத்த தொழிலாளரோ மறுநாளன்றி வர இயலாதென்றார். "தம்பி, நான் அடுப்படியிலை படுக்கட்டே?" என்று மூன்று கம்பளிகளுக்குள்ளிருந்து அன்னையார் வினவியபோது எமக்கு உள்ளம் பதைத்தது. முதியோர்க்கு அக்குளிர் வெறும் அசௌகரியமன்று, உயிருக்கே ஊறு.

எம்மோடு தங்கிப் பொறியியல் பயிலும் மருமகன் களத்தில் இறங்கினான். கொதிகலனின் மூடியை எவரும் திறத்தலாகாது; எரிவாயு வேலையைப் பதிவுபெற்ற தொழிலாளரே செய்தல் வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். நீர்ப்பக்கத்தைப் பார்ப்பதற்குத் தடையில்லை. அழுத்தமானியின் முள் ஏறத்தாழப் பூச்சியத்திற் கிடந்தது. "மாமா, வாளியிலை வடிச்ச தண்ணிக்குப் பதில் தண்ணி விடேல்லை" என்றான். கொதிகலனின் கீழுள்ள பின்னற் குழாயின் திருகுகளை மெல்லத் திறந்து, முள் 1 பாருக்குச் சற்று மேலே வரும்வரை நீர்விட்டு, மீண்டும் இறுக மூடினான். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார்வரை போதுமானது. 3 பாரை எட்டினாற் காப்புவால்வு திறந்து நீரை வெளியே கொட்டிவிடும்.

அடுத்தது காற்று. கழற்றிப் பூட்டிய பெட்டியின் மேற்பாதியில் காற்று நிறைந்திருக்க, நீர் அங்கு ஏறாது; அடி சுட, முடி குளிரும். பம்பியை நிறுத்தி, மேல் மூலையிலுள்ள சிறு திருகைச் சாவியாற் கால் சுற்றுத் திறந்தவுடன், சீறிக்கொண்டு காற்று வெளிவந்தது. நீர் துளித்ததும் மூடினான். (அவ்வாறு வெளிவரும் வாயுவில், உள்ளே இரும்பு அரிக்கப்படுகையிற் பிறக்கும் ஐதரசனும் கலந்திருக்கக்கூடும். தீக்குச்சியை அருகிற் கொண்டுசெல்லாதிருத்தல் நன்று.) காற்றுப் போக அழுத்தமும் தாழ்ந்தது, இன்னுஞ் சிறிது நீர் விட வேண்டியதாயிற்று. கொதிகலன் எரிந்தது. கூடம் அரை மணியில் வெதுவெதுப்புற்றது.

அன்னையாரின் மேல்மாடி அறை மட்டும் சூடேறவில்லை!

விந்தை யாதெனில், அவ்வறையின் பெட்டியை எவரும் தொட்டதேயில்லை. பூச்சு வேலைக்கு முதல் நாள்வரை நன்றாகச் சுட்டது. மருமகன் அங்கேயே ஒரு மணி நேரம் போராடினான். காற்றுத் திருகைத் திறந்தான், நீரே வந்தது. அடியில் மட்டும் குளிர்ந்தால் துருச்சேறு படிந்ததெனலாம். இதுவோ முழுதுங் குளிர்ந்திருந்தது. இலக்கமிட்ட திருகுபிடியைக் கழற்றி, அதன் கீழுள்ள ஊசி சிக்கியிருக்கிறதோவென்று அழுத்திப் பார்த்தான்; அது துள்ளி மேலெழுந்தது.

கட்டிலிலிருந்து யாவற்றையும் பார்த்திருந்த அன்னையார், இளமையில் தந்தையாரின் வெங்காயத் தோட்டத்திலே தண்ணீர் மாறிப் பழகியவர். "மோனை, கிட்டடிப் பாத்தியின்ரை வாயைத் திறந்து விட்டிட்டு, கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரேல்லை எண்டு பாத்தா எப்பிடி வரும்? முதல் அங்கை போய்க் கட்டு" என்றார்.

மருமகன் படிகளில் ஓடி இறங்கினான். ரேடியேற்றருக்கு வால்வுகள் இரண்டு. ஒன்று நாம் திருப்பும் இலக்கமிட்ட பிடி. மறுமுனையில் கைப்பிடியின்றி மூடிக்குள் ஒளிந்திருப்பது மற்றையது. கொதிகலனுக்கு அருகேயுள்ள பெட்டிகளில் இதனைச் சிறிதளவும், தொலைவிலுள்ளவற்றில் அகலவும் திறந்துவைத்தே எல்லா அறைகளுக்கும் நீரைப் பகிர்வர். கழற்றுவதற்காக அதனை மூடியவர், எத்தனை சுற்றென எண்ணாமல், திரும்பப் பூட்டியபோது முழுவதுந் திறந்துவிட்டார். இலகுவான வழியைக் கண்ட நீர் கூடத்தையே சுற்றிச்சுற்றி வந்தது, மேலறை வரண்டது.

பழைய எண்ணிக்கை தெரியாதபடியால், வால்வை மூடி, கால் கால் சுற்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. புகுகுழாய்க்கும் வெளியேறு குழாய்க்கும் ஏறத்தாழ 11 பாகை செல்சியசு வேறுபாடு இருத்தல் பழைய கணக்கு. இக்காலக் கொதிகலன்களுக்கு 20 வரை கொள்வர். இரவு பத்து மணியளவில், முக்காற் சுற்றில், மேலறைக் குழாய் சுடத் தொடங்கியது. அன்னையார் ஒரு கம்பளியைக் களைந்தார். பின்னர் இன்னொன்றையும்.

மறுநாள் வந்த தொழிலாளர், புதுநீர் புகுந்தமையால் துருத்தடுப்பு மருந்தைச் சேர்த்து, பொருத்துகளிற் கடதாசியை ஒற்றிக் கசிவில்லையென உறுதிசெய்து சென்றார். அழுத்தம் நாடோறுங் குறையுமாயின் எங்கோ கசிகின்றதென்பது அவர் சொல்லிச்சென்ற குறிப்பு.

கூடத்தின் எதிர்ச்சுவர் இன்னும் பூசப்படவில்லை. அங்குள்ள பெட்டியின் மறைவால்வு ஒன்றேகாற் சுற்றில் மூடுகின்றதென மருமகன் எண்ணிப் பார்த்து, ஒரு சிறு கடதாசியில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டியுள்ளான். அதன் கீழே, பெட்டியைக் கழற்றினால் இலக்கப் பிடியை மட்டும் நம்பாது குழாயின் வாய்க்கு மூடியுந் திருகுக, அறை மிகக் குளிர்ந்தால் அப்பிடி தானே திறந்து நிலமெங்கும் நீராகிவிடும் என்றும் எழுதியிருக்கின்றான்.