காலடியில் ஒரு ஜாதகம்

லண்டனுக்குப் போகிறவர்கள், பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் சிவப்புச் சட்டையும் கரடித்தோல் குல்லாயுமாக நிற்கும் சிப்பாய்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நீங்களும் அவசியம் பாருங்கள். அதே சிப்பாயை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க ஆசையா? சனிக்கிழமை காலையில் நாட்டிங் ஹில் கேட் ஸ்டேஷனில் இறங்கி, ஜனங்கள் போகும் திசையிலேயே நடந்து, போர்ட்டபெல்லோ ரோடுக்குப் போய்ச் சேருங்கள்.

சாலையின் இரு பக்கமும் பழம்பொருள் கடைகள். வெள்ளிக் கரண்டி, ஓடாத கடிகாரம், பீங்கான் நாய் எல்லாவற்றையும் தாண்டி நிதானமாகத் தேடினால், ஏதோ ஒரு மேஜையில் அட்டைப்பெட்டி ஒன்று அகப்படும். உள்ளே விரல் நீளத்தில் சிப்பாய்கள், கௌபாய்கள், கவசம் அணிந்த வீரர்கள். 'பூ! பிளாஸ்டிக் பொம்மைதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒன்றைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடியுங்கள். அதன் ஜாதகமே காலடியில்தான் இருக்கிறது!

'ஹெரால்டு' என்றும் 'இங்கிலாந்து' என்றும் எழுத்துக்கள் தெரிந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1893-ல் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஈயத்தை அச்சில் ஊற்றி, உள்ளே இருப்பது இறுகுமுன் கவிழ்த்துவிட்டு, உள்கூடான சிப்பாய்களை வார்க்க வழி கண்டார். ஈயம் மிச்சம், விலையும் மலிவு. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சிப்பாய்களுக்கே ராஜ்யம். பிறகு 1950-களில், ராய் செல்வின்-ஸ்மித் என்ற சிற்பியின் கைவண்ணத்தில் ஹெரால்டு பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. போட்டிக்கு நிற்பதைவிடச் சேர்த்துக்கொள்வதே மேல் என்று பிரிட்டன்ஸ் கம்பெனி 1959-ல் ஹெரால்டைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. 1966-ல் ஈயச் சிப்பாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

காலடியில் 'ஹாங்காங்' என்று இருக்கிறதா? 1960-களின் நடுவில் ஹெரால்டு பொம்மைகளின் உற்பத்தி அங்கே போயிற்று. உருவம் அதேதான், பிறந்த ஊர்தான் வேறு. பாதத்தில் உலோகத் தகடு இருந்தால், அது 1971-ல் வந்த 'டீட்டெயில்' வரிசை. வர்ணமே பூசாமல் சட்டை ஒரு நிறம், கால்சராய் ஒரு நிறமாக இருந்தால் பெரும்பாலும் 'டிம்போ'. அவர்கள் வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றன்பின் ஒன்றாக அச்சில் செலுத்தி, தூரிகைக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள். தலையும் இடுப்பும் திரும்பி, குல்லாயும் கத்தியும் கழன்று வந்தால் அது பிரிட்டன்ஸின் 'ஸ்வாப்பெட்'. அந்தக் குட்டிக் கத்தி தொலையாமல் இருந்தால் விடாதீர்கள்!

வாங்கியதும் அவசரப்பட்டு வளைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு காலத்தில் ரப்பரைப் போல் வளைந்த பிளாஸ்டிக் வயதாக ஆக அப்பளமாகிவிடுகிறது. துப்பாக்கி முனையும் குதிரைக் காலும்தான் முதலில் ஒடியும். வெயிலும் சூடும் படாமல் வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாலிதீனில் வர்ணம் ஒட்டி நிற்காது. செதில் செதிலாக உதிரும். மூக்கு வெளுத்துப்போன சிப்பாயைப் பார்த்ததும், 'ஒரு துளி சிவப்புத் தொட்டு வைத்தால் என்ன?' என்று கை பரபரக்கும். தயவுசெய்து வைக்காதீர்கள். புது வர்ணம் ஏறினால் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இறங்கிவிடும் என்பது மட்டும் காரணமல்ல. கம்பெனியின் பெயர் காலடியில் இருக்கிறது. சிற்பியின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பொம்மைத் தொழிலில் வரிசையாக உட்கார்ந்து ஆயிரம் ஆயிரமாகக் கண் எழுதிய பெண்களின் பெயர் எந்தப் பொம்மையிலும் இல்லை. கடுகளவுள்ள அந்தக் கறுப்புப் புள்ளிதான் அவர்கள் போட்ட கையெழுத்து. அதை அழித்துவிட்டு நாம் வேறு எதைச் சேகரிக்கப் போகிறோம்?