யான் கூறிய தொலைவு

சென்ற ஆவணித் திங்களில் நம் தமிழ்ச் சங்கத்து மேடையில் யான், விண்மீன்கள் பிறக்குமிடம் என்னும் பொருள்பற்றிப் பேசிப் பரிசும் பெற்றேன். அப்பேச்சிற் பெரும்பிழை ஒன்று இருந்ததென்பதை அன்று கைதட்டிய அன்பர்களுக்கு இம்மலர் வாயிலாக அறிவித்தல் என் கடனாகின்றது.

நமது பால்வீதி தட்டையானதொரு வட்டில் போன்றது. விண்மீன்களை ஈனும் குளிர்ந்த மூலக்கூற்று மேகங்கள் பெரும்பாலும் அவ்வட்டிலின் நடுத்தளத்தை ஒட்டி, இருபுறமும் இருநூறு ஒளியாண்டளவிலே செறிந்துள்ளன. 1985-ஆம் ஆண்டில் மாக்னானி, பிளிட்ஸ், மண்டி என்னும் அறிஞர் மூவர், அத்தளத்தினின்று விலகிய வானத்திலும் கார்பன் மோனாக்சைடு வாயு விடுக்கும் வானொலி அலைகளைத் தேடி, மெல்லிய மேகங்கள் பலவற்றைக் கண்டு எண்ணிட்டனர். தம் எடையால் தாமே ஒடுங்கி மீனாகுதற்கு வேண்டும் செறிவு அவற்றுட் பலவற்றிற்கு இல்லை. ஆயினும் 12-ஆம் எண் மேகத்தைச் சார்ந்து பன்னிரண்டளவு இளமீன்கள் உள்ளன. அவற்றின் அகவை ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டுகளே. மீனுக்கு அது மழலைப் பருவம். 20-ஆம் எண் மேகத்தும் இத்தகைய பிறப்பு உண்டு.

இப்பன்னிரண்டாம் மேகமே நமக்கு மிக அண்மையது, தொலைவு 210 ஒளியாண்டு என யான் முழங்கினேன். பழைய நூலொன்றிற் கண்டது அது. "நம் அண்டை வீட்டுத் தொட்டில்" என்று ஓர் அணியும் சேர்த்தேன். கைதட்டல் அதற்கே மிகுதி.

மார்கழியில் ஒரு மாலை, இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர் நூம்பலில் உள்ள எம் இல்லத்திற்கு வந்தார். மொட்டைமாடியில் நின்றோம். நகரத்து விளக்கொளியில் பால்வீதி எங்களூரில் தெரிவதில்லை. கார்த்திகை மீன்கள் மட்டும் மங்கலாய்த் தோன்றின. அவற்றிற்குச் சற்று மேற்கே, மேட இராசியில் உள்ளது அம்மேகம்.

நண்பர் தயங்கித் தயங்கி, "நீர் வருந்தலாகாது. அந்தத் தொலைவு 1986-இல் கணித்தது. பின்னர்த் திருத்திவிட்டார்கள்" என்றார்.

மேகத்தின் தொலைவை நேரே அளத்தல் அரிதாம். பின்னுள்ள மீனின் ஒளியில் மேகத்துச் சோடியம் கருங்கோடு பதிக்கும். முன்னுள்ள மீனின் ஒளியிற் பதிக்காது. இவ்வாறு எம்மீன் முன், எம்மீன் பின் எனத் தேர்ந்தே அன்று துணிந்தனர். 2001-இல் அத்தொலைவு 900 ஒளியாண்டளவு எனத் திருத்தப்பட்டது; ஐரோப்பியரின் கையா விண்கலம் மீன்களின் தொலைவை நுட்பமாய் அளந்தபின் 820 அளவில் அமைந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பரிசாகப் பெற்ற நூல் மேசைமேல் இருந்தது. அதனைப் பார்க்கவே கூசிற்று. எழுந்து கணக்கிட்டுப் பார்த்தேன். 210 ஒளியாண்டாயின் அம்மேகம் நடுத்தளத்தினின்று நூறு ஒளியாண்டிற்குள்ளேயே, ஏனைய மேகத்திரளின் நடுவே கிடக்கும். அதனை விலகிய மேகம் எனல் பெயரளவே. 820 எனின் ஏறக்குறைய 400 ஒளியாண்டு விலகி, மெய்யாகவே திரளுக்குப் புறம்பே நின்று மீன்களை ஈன்றிருக்கின்றது. என் அணி வீழ்ந்தது. என் பொருளோ முன்னினும் வியப்புடையதாயிற்று!

மறுநாள் சங்கத்துப் பேராசிரியரிடம் நூலை நீட்டினேன். அவர் அதனை வாங்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து என் முன் வைத்தார். 210 என்றிருந்ததை 820 எனத் திருத்தினேன். "அண்டை வீட்டு" என்பதையும் அடித்துவிட்டேன். "தொட்டில்" என்ற சொல்லை அடிக்க மட்டும் மனம் வரவில்லை.