பெயர்ப்பட்டியலும் பட்டமும்

2024இல் நீஸ் நகரில் நடந்த பெண்கள் அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) உலகப் போட்டியிலிருந்து நடப்புச் சாம்பியன் லூசி சார்ல்ஸ்-பார்க்லே காயத்தால் கடைசி நேரத்தில் விலகினார். அதனால் லாரா ஃபிலிப் வென்ற பட்டத்துக்கு மதிப்புக் குறைவா? இல்லவே இல்லை. முன்னணி வீராங்கனை இல்லாமல் என்ன உலகப் பட்டம் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 2025இல் கோனாவில் நடந்த அதே உலகப் போட்டியைப் பாருங்கள். லூசி, டெய்லர் நிப் இருவரும் பட்டியலில் இருந்தார்கள். பந்தயத்திலும் முன்னால் இருந்தார்கள். கடும் வெயிலில் லூசி ஓட்டத்தின் நடுவே விலகினார். நிப்போ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர், முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். வென்றவர், அந்த ஆண்டு ஜூனில் ஹாம்பர்க் அயர்ன்மேன் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த சோல்வெய் லோவ்செத். அதுவும் வெறும் 35 விநாடி வித்தியாசத்தில். பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் பட்டத்தைத் தீர்மானிக்காது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் பந்தயத்தில், உடலைக் காயமின்றித் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவருவதும் திறமைதான். நீஸில் ஃபிலிப் அதையும் சேர்த்தே வென்றார்.