முறிந்த இறகுக்கு மூங்கில்

ஷௌனக் சென் இயக்கிய ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம் 2022இல் கான் திரைவிழாவில் விருது வாங்கியது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. தில்லி வஜீராபாத்தில் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் சகோதரர்களை உலகம் அறிந்துகொண்டது அந்தப் படத்தால்தான். அடிபட்ட பருந்து ஒன்றை அவர்கள் பறவை மருத்துவமனைக்கு எடுத்துப் போக, இறைச்சி தின்னும் பறவை என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். பிறகு சகோதரர்கள் தாங்களே கற்றுக்கொண்டு தங்கள் இடத்திலேயே வைத்தியத்தைத் தொடங்கினார்கள்.

படம் முடிந்தும் எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. பட்டநூலில் அறுபட்டு விழுந்த பறவை மறுபடி பறக்கும்வரை நடுவே எந்தெந்தக் கைகள் என்னென்ன செய்கின்றன? தில்லியில் தமிழாசிரியராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். “எங்க பள்ளிக்கூட மாடியில விழுந்த பருந்த ஒரு காப்பகத்துலதான் கொடுத்தோம். அங்க ஒரு உஸ்தாத் இருக்காரு. நீங்க அவரத்தான் பாக்கணும்” என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் போனோம். யமுனைக்குக் கிழக்கே, சீலம்பூர்ச் சந்துகளுக்குள் ஒரு மூன்று மாடி வீடு. தில்லியில் பட்டம் விடுவது உச்சத்துக்குப் போகும் நாள் ஆகஸ்ட் 15. அப்போது வரத் தொடங்கிய அட்டைப்பெட்டிகள் இன்னும் ஓயவில்லை. காற்றுக்கு ஓட்டை போட்ட பெட்டிகள் படிக்கட்டிலேயே அடுக்கியிருந்தன. உள்ளே இருந்தவை பெரும்பாலும் கரும்பருந்துகள். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஐந்தடி. எடையோ பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். காஜிப்பூர் குப்பை மலையையும் பழைய தில்லியின் இறைச்சிக் கடைகளையும் நம்பி இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. வேட்டைப் பறவைகள் இவ்வளவு நெருக்கமாகக் கூடு கட்டும் நகரங்கள் உலகில் மிகக் குறைவு. அவை வட்டமிடும் வானத்தில்தான் பட்டங்களும் ஏறுகின்றன.

கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் பெரும்பாலும் அறுப்பது சிறகின் முன்விளிம்பை. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அங்கே மெல்லிய தோல் மடிப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு தசைநாண் ஓடுகிறது. அது அறுந்தால் சிறகு முழுதாக விரியாது. பறவை பதறித் துடிக்கத் துடிக்க நூல் இன்னும் ஆழமாக இறங்கும். காயத்தைத் தைப்பது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் தைத்தால் மட்டும் பறவை பிழைத்துவிடாது. பல நாள் பட்டினி கிடந்ததற்கு உடனே கறி கொடுத்தால் செத்துப்போகும். நீர்ச்சத்தைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். மேல்சிறகு எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் அதற்குள் மருந்துநீர் பாய்ச்சிக் கழுவக் கூடாது. அந்த எலும்பின் உட்கூடு மூச்சுப் பைகளோடு சேர்ந்திருப்பதால், உள்ளே விட்ட தண்ணீர் பறவையை மூழ்கடித்துவிடும்.

உஸ்தாத் என்றால் ஆசான். அவர் ஐம்பதைக் கடந்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் போனபோது அவர் முன்னால் ஒரு பருந்து கிடந்தது. காயம் ஆறிவிட்டது, சிறகின் நீண்ட இறகுகளில் மூன்று மட்டும் பாதியில் முறிந்திருந்தன. வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப் போல உயிரற்றது, உடைந்தால் ஒட்டிக்கொள்ளாது. அது தானே உதிர்ந்து புதிது முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பருந்துக்கு ஒரு சுற்று இறகு மாற ஓராண்டு ஆகலாம். அத்தனை நாள் கூண்டில் அடைத்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும், தசை வற்றும்.

அப்படிக் காத்திருக்காமல் மாற்று இறகு ஒட்டத்தான் மூங்கில். அவரிடம் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. உதிர்ந்த இறகுகளும் இறந்த பறவைகளின் இறகுகளும் காகித உறைகளில், வலம் இடம் பிரித்து, எத்தனையாவது இறகு என்று எண்ணிட்டு அதில் இருக்கின்றன. ஒரு சிறகில் நுனிப்பக்கத்து நீண்ட இறகுகள் பத்து. ஏழாவது முறிந்தால் ஏழாவதைத்தான் வைக்க வேண்டும். தலையைத் துணியால் மூடியதும் பருந்து அடங்கியது. உதவியாளர் முதலில் கால் நகங்களைப் பிடித்துக்கொண்டார். உஸ்தாத் முறிந்த தண்டைச் சிறகுக்கு வெளியே கொஞ்சம் விட்டு நேராக வெட்டினார். மாற்று இறகைப் பக்கத்தில் வைத்து, நல்ல சிறகோடு நீளம் ஒத்துப் பார்த்து நறுக்கினார். பிறகு ஒரு மூங்கில் ஈர்க்கை எடுத்துச் சீவத் தொடங்கினார். உருட்டையாகச் சீவக் கூடாது. பட்டை பட்டையாக இருந்தால்தான் தண்டுக்குள் திரும்பாமல் நிற்கும். சீவுவார், நுழைத்துப் பார்ப்பார், எடுத்து மறுபடி சீவுவார். ஈர்க்கின் பாதி புது இறகுக்குள், மீதி பறவையின் தண்டுக்குள். பக்கத்து இறகில் பசை படாமல் நடுவே ஒரு காகிதம். மூன்று இறகு முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

அரசர்களின் வேட்டைக்கு வல்லூறும் ராஜாளியும் பழக்கியவர்கள் காத்துவந்த வித்தை இது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது. வித்தை மட்டும் இப்படிச் சிலர் விரல்களில் மிஞ்சியிருக்கிறது.

“இந்தக் கை எங்கே பழகியது?” என்று கேட்டேன்.

“ஜர்தோசியில்” என்றார். உத்தரப் பிரதேசத்தின் பரேலி அவர் ஊர். அந்த ஊருக்கு இரண்டு புகழ்: ஒன்று ஜர்தோசி என்னும் சரிகை வேலை, இன்னொன்று மாஞ்சா. அவருடைய அப்பா மாஞ்சா தொழிலாளி. கம்பங்களுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டி, சோற்றுப் பசையும் கண்ணாடித்தூளும் சாயமும் பிசைந்த உருண்டையைக் கையில் ஏந்தி, நாள் முழுக்க நடந்து நடந்து பூசுவார். விரல்களில் துணி சுற்றியும் ரத்தம் வரும். “ராத்திரி அப்பாவுக்கு நான்தான் ஊட்டிவிடுவேன். அவரால் ரொட்டியைப் பிய்க்க முடியாது.” மகனுக்கு அந்தக் கை வேண்டாம் என்று சரிகைப் பட்டறையில் சேர்த்துவிட்டார். பிழைப்புக்காக மகன் தில்லி வந்தார்; இயந்திரத் தையல் பெருகி வேலை குறைந்தது. ஒருநாள் பட்டறை மாடியில் நூலில் சிக்கிய பருந்தை விடுவித்து இந்தக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு இங்கேயே தங்கிவிட்டார். “எங்கள் வீட்டு நூல் எத்தனை சிறகை அறுத்ததோ, அந்தக் கணக்கு அல்லாவுக்குத்தான் தெரியும். என்னால் முடிந்ததை ஒட்டுகிறேன்.”

அவர் அப்பா குற்றவாளி அல்ல. ரீல் கணக்கில் கூலி வாங்கியவர். நூலும் கண்ணாடித்தூளும் கொடுத்து, ரீலை வாங்கி, ஊர் ஊராக விற்றுப் பணம் பார்த்தவன் ஒப்பந்தக்காரன். அவன் விரலில் ஒரு கீறல் கிடையாது. பிறகு நைலான் நூல் வந்து பரேலியின் பருத்தி மாஞ்சாவையும் விழுங்கியது. பெயர்தான் சீன மாஞ்சா; நம் நாட்டிலேயே தயாராகிறது. நைலான், கண்ணாடித்தூள் பூசியது, உலோகத்தூள் பூசியது எல்லாவற்றையும் 2017 ஜனவரியில் தில்லி அரசு தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை நூலை நாடு முழுக்கத் தடுத்தது. ஐந்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை அப்போதைய சட்டத்தில் இடம் இருந்தது. ஆனாலும் ஆகஸ்ட் வந்தால் செய்தித்தாளில் நாம் பார்ப்பது பெட்டிக்கடைக்காரன் படத்தைத்தான். கிடங்கு வைத்து லாரியில் ஏற்றுகிறவன் படம் எங்கே? அறுபட்ட ஒரு சிறகைச் சீராக்க வாரக்கணக்கில் கறி, மருந்து, கூலி. அதையெல்லாம் கொடுப்பது நன்கொடையும் இந்த ஏழைகளின் உழைப்பும். லாபம் ஒருவனுக்கு, செலவு வேறொருவனுக்கு என்பது வியாபாரமே அல்ல, திருட்டு.

சென்னையில் இதே நூல் இருசக்கர வாகனங்களில் போன குழந்தைகளின் கழுத்தை அறுத்திருக்கிறது. அதனால் இது தில்லியின் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. பிள்ளைகளுக்கு வெறும் பருத்தி நூல் வாங்கிக் கொடுப்போம். பருந்தோ கூகையோ விழுந்து கிடந்தால் துணி போர்த்தி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீரோ கறியோ திணிக்காமல் வனத்துறைக்கோ காப்பகத்துக்கோ சேர்ப்போம். நம்மால் ஆவது இவ்வளவு. மீதி அரசின் கடமை. கிடங்குகளைச் சோதனை போடட்டும். வசூலாகும் அபராதம் காப்பகங்களுக்குப் போகட்டும். உஸ்தாத்தைப் போன்றவர்களைக் கால்நடைக் கல்லூரிகளுக்கு அழைத்து, மாணவர்களுக்கு இறகு ஒட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, அதற்கு மாதச் சம்பளமும் கொடுக்கட்டும். அவரிடம் இப்போது கற்றுக்கொள்பவர் அந்த ஒரே உதவியாளர்தான்.