மாட்டு டாக்டர் கேட்ட கேள்வி

இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். மடிநோய், கோமாரி, சினை பிடிக்காமை என்று மாட்டுக்கு வரும் நோய்களைப் பற்றி நிறையக் கேட்கிறோம். மாட்டிடமிருந்து மனிதருக்கு வருவதைப் பற்றி எப்போதாவது ஒரு கேள்வி வரும். அதிலும் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே வரும் தொல்லை என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் வெட்கம்தான். அந்த வெட்கம் எங்கள் வீட்டில் நான்கு மாதத்தைத் தின்றது. என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்கு உதவட்டும். பேரை மட்டும் போட்டுடாதே" என்றார்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், மூன்று கறவை மாடுகள். போன மாசியில், இரண்டாம் ஈத்துச் சினையாக இருந்த கலப்பின மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. மறுநாள் காலை வரை பார்த்துவிட்டு, ஊரில் எல்லோரும் செய்வதுபோல இவரே கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு எடுத்துப் போட்டார். வேலிமுள் கிழித்த காயம் கையில் ஆறாமல் இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், ராத்திரி பனியன் நனைய வேர்க்கும், காலையில் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஒரு வாரம் விட்டு மறுபடி வரும். கூடவே இடுப்புவலி, மூட்டுவலி. வெயிலில் வேலை செய்த அசதி என்று இருந்தோம். பிறகு ஒரு நாள் அவர் காலை அகட்டி நடப்பதைப் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னார், ஒரு பக்க விரை வீங்கிப் பத்து நாள் ஆகிறது என்று.

"ஓதமா இருக்கும், உங்க மாமனாருக்கும் இருந்துச்சு" என்றார் மாமியார். பக்கத்து ஊர் மருத்துவமனையில் சிறுநீரில் கிருமி என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, இருபது நாளில் திரும்பி வந்தது. நகரத்துக்குப் போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் கட்டி மாதிரி ஒன்று தெரிந்தது. காசநோயாக இருக்கலாம், வேறு கட்டியாகவும் இருக்கலாம், ஒரு பக்கத்து விரையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அவருக்கு வயது 38. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்த வாரம் இன்னொரு மாட்டுக்குச் சினை ஊசி போட எங்கள் பகுதி கால்நடை மருத்துவர் வந்தார். "எங்கேம்மா அவரு?" என்று கேட்டார். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் சங்கடப்படாமல் கேட்டார்: "ஏம்மா, அந்த மாடு கன்னு வீசினப்ப நஞ்சுக்கொடியை எடுத்தது யாரு?"

சொன்னேன். "காளைக்கும் இதே மாதிரி வீங்கும்மா. புரூசெல்லான்னு ஒரு கிருமி. ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்துல அதுக்கு ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுடன் போனோம். சோதனையில் அந்தக் கிருமிதான் என்று உறுதியானது. இரண்டு வகை மாத்திரைகள், ஆறு வாரம், ஒரு நாளும் விடாமல். மூன்றாவது வாரத்திலேயே வீக்கம் வடியத் தொடங்கியது. கத்தி வைக்க வேண்டி வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்வதும், மனிதருக்கு வரும் இந்த ஏறி இறங்கும் காய்ச்சலும் ஒரே குடும்பத்துக் கிருமிகளால் வருபவை. மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில் 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது பல வருடம் தெரியவில்லை. 1905-ல் அந்தத் தீவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமித், நோயின் அடையாளமே தெரியாத ஆடுகளின் உடலில் அது இருப்பதைக் கண்டார். மறு வருடம் படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

மாடு கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் 1897-ல் கண்டறிந்திருந்தார். ஆட்டுக் கிருமியும் மாட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918-ல் எழுதியவர் ஆலிஸ் எவன்ஸ். அமெரிக்காவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பெண். காய்ச்சாத பால் ஆபத்து என்று அவர் சொன்னதைப் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பவில்லை. 1922-ல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கே அந்தக் கிருமி தொற்றியது. பல வருடம் காய்ச்சலில் கிடந்தவரை, "எல்லாம் மனப்பிரமை" என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு.

துருக்கி, சவுதி அரேபியா போன்ற நாடுகளில் இந்த நோய் அதிகம்; ஸ்பெயினிலும் முன்பு அதிகமாக இருந்தது. இந்த நோய் வந்த ஆண்களில் 100-க்கு 2 முதல் 20 பேர் வரை விரையும் விரைக்குழாயும் வீங்குவதாக அங்குள்ள மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும். சிறுநீர்ப் பரிசோதனை பல பேருக்குச் சரியாகவே இருக்கும். அதனால் காசநோய் என்றோ புற்றுக்கட்டி என்றோ தோன்றி, தேவையில்லாமல் விரையை அகற்றிய சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குறைந்த நாள் மருந்து சாப்பிட்டால் நோய் அடங்கியதுபோல இருந்து திரும்பவும் வரும்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்று. சிறுநீர்ப் பாதை மருத்துவர் நம்மிடம் மாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. மாட்டு டாக்டர் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. இரண்டு பேரையும் பார்ப்பவர்கள் நாம்தான். நாம் சொல்லாவிட்டால் அங்கே இருப்பது இங்கே தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. கன்று ஈன்றாலும் சரி, வீசினாலும் சரி, கையுறை இல்லாமல் தொடுவதில்லை. நஞ்சுக்கொடி விழாவிட்டால் டாக்டருக்குச் சொல்லி அனுப்புகிறோம். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். பால் பெருகும் என்பார்கள். மாடு கன்று வீசியிருந்தால் மட்டும் அதைச் செய்யாதீர்கள். கன்றையும் கொடியையும் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் கிளறாதபடி மூடுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்; ஆட்டுப்பாலுக்கும் இதேதான். கர்ப்பிணிப் பெண்களை அந்தப் பக்கமே விட வேண்டாம், கருவுக்கும் ஆபத்து.

மனிதருக்கு இதற்குத் தடுப்பூசி இல்லை. கிடேரிக் கன்றுக்கு உண்டு: 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு தடவை. 2019-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரியோடு இதற்கும் சேர்த்துத் தடுப்பூசி போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து என்பதால், போடும்போது கன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி கையில் குத்தினாலும் தொற்றும்.

வீசிய மாட்டின் ரத்தத்திலும் நோய் இருப்பது தெரிந்தது. அதைத் தனியாகக் கட்டிவைத்திருக்கிறோம். தீனிச் செலவு கையைக் கடிக்கிறது. சந்தைக்கு ஓட்டினால் காசு வரும். ஆனால் இன்னொரு வீட்டுக்குள் அதை அனுப்ப மனம் வரவில்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விரை வீக்கம் எல்லாம் இந்த நோயால் வருவதில்லை. திடீரென்று தாங்க முடியாமல் வலித்தால் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். வலியில்லாத கட்டியையும் தள்ளிப்போடாதீர்கள். எந்த மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு வீக்கமும் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் மாடு வளர்க்கிறேன். அந்த மாடு கன்று வீசியது. கொடியை நான்தான் எடுத்தேன்." அவர் சொல்லக் கூச்சப்பட்டால், கூடப் போகும் மனைவியோ அம்மாவோ சொல்லுங்கள்.