சேராத கடதாசிகள்

'மென்பொருள் உரிமங்களின் ஒவ்வாமை' என்று தலைப்புப் போட்டால் பாதிப்பேர் அப்படியே போய்விடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் மாற்றிப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. கடைசியில் இது எங்கட புத்தகங்களில் வந்து நிற்கிற விசயம்.

ஒருவர் ஒரு நிரலை எழுதி 'எல்லாரும் எடுங்கோ, மாற்றுங்கோ, மற்றவைக்கும் கொடுங்கோ' என்று விடுகிறார். இன்னொருவர் வேறொரு நிரலை அதே மாதிரி விடுகிறார். இரண்டையும் சேர்த்து மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றுதான் நினைப்பீர்கள். பல நேரம் கொடுக்க முடியாது.

கதை தொடங்குவது நான் இருக்கிற நியூ ஜெர்சியில்தான். 1969 இல் இங்கே மறே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தது. பிறகு கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர் அதை வளர்த்து பிஎஸ்டி என்று வெளியிட்டார்கள். மிகத் தாராளமான உரிமம். எடு, மாற்று, வில், என்னவும் செய். ஒரேயொரு வரி மட்டும் கூடுதலாக இருந்தது: இதன் வசதிகளைச் சொல்லி விளம்பரம் போட்டால், பேர்க்லிக்காரர் எழுதிய நிரல் இதில் இருக்கிறது என்று அந்த விளம்பரத்தில் போடவேண்டும்.

ஞாயமான ஆசைதானே? ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வரியைப் பிரதிபண்ணி, பேர்க்லியின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள். 1997 ஆம் ஆண்டின் நெற்பிஎஸ்டி பதிப்பொன்றில் இப்படி 75 வரிகளை எண்ணினதாக ரிச்சர்ட் ஸ்ரோல்மன் எழுதியிருக்கிறார். ஸ்ரோல்மனின் ஜிபிஎல் உரிமமோ 'நான் சொன்னதற்கு மேல் ஒரு நிபந்தனையும் கூட்டாதே' என்கிறது. ஆகவே இரண்டும் சேராது. 1999 இல் பேர்க்லி அந்த வரியை எடுத்துவிட்டது. ஆனால் தன் நிரலுக்கு மட்டும்தான் அது எடுக்கலாம். மற்றவர்கள் எழுதினது அப்படியே கிடந்தது.

இணையத்தில் பாதிப் பூட்டுக்குச் சாவியாக இருக்கிற ஓப்பின்எஸ்எஸ்எல் மென்பொருளிலும் இதே மாதிரி விளம்பர வரி இருந்தது. 2021 இல் 3.0 பதிப்போடு அப்பாச்சி உரிமத்துக்கு மாறும்வரை இருந்தது. அதற்காகவே குனூரிஎல்எஸ் என்று அதே வேலைக்கு இன்னொரு மென்பொருளை முதலிலிருந்து எழுதினார்கள். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், எல்லாம் முடிந்து சாமான் வெளியே போகப்போகிற நேரம் சட்டத்தரணி வந்து ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டச் சொன்னார். மூன்று கிழமை இரவு பகலாக அந்த வேலைதான். ஒரு வரிக்காக.

அடுத்த கதை பே ஏரியாவில் நடந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக்கும் மத்தியூ ஏரன்சும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை எழுதினார்கள். வன்தட்டில் எழுதினது பழுதாகிப்போனால் தானே கண்டுபிடிக்கும். இன்னொரு பிரதி இருந்தால் தானே திருத்தும். 2005 இல் சன் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. ஆனால் சிடிடிஎல் என்ற தன் சொந்த உரிமத்தில். இந்தக் கோப்புகள் சிடிடிஎல்லில்தான் இருக்கவேண்டும் என்கிறது அது. லினக்ஸ் இருப்பது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில். என்னோடு ஒன்றாகச் சேர்ந்து வெளியே போகிற முழுவதும் ஜிபிஎல்லில் இருக்கவேண்டும் என்கிறது இது. உங்கள் வீட்டுக் கணினியில் நீங்களே சேர்த்து ஓட்டினால் பிரச்சினை இல்லை. சேர்த்ததை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

வேண்டுமென்றே சேராதபடி எழுதினோம் என்று சன்னில் இருந்த டனீஸ் கூப்பர் 2006 இல் சொன்னார். அதே சன்னின் சைமன் ஃபிப்ஸ் இல்லை என்றார். எது உண்மையோ, பலன் ஒன்றுதான். லினக்சுக்கு இசட்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்த லிவர்மோர் ஆய்வுகூடத்துக்காரர் அதைத் தனியாகவே வைத்து வளர்த்தார்கள். 2016 இல் உபுண்டு இரண்டையும் சேர்த்து வெளியிட்டபோது, இது பிழை என்று ஒரு சட்ட அமைப்பும், பெரிய பிழை இல்லை என்று இன்னொரு அமைப்பும் எழுதின. இன்றும் லினக்சின் பிரதான மூலத்துக்குள் இசட்எஃப்எஸ் இல்லை.

எனக்கு இது சட்டம் படித்து விளங்கினதில்லை. ஒரு காலம் என்னிடம் அமெரிக்கா தந்த அகதிப் பயணப் பத்திரம் இருந்தது. அக்காவிடம் கனடா தந்த பத்திரம். இரண்டும் 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி வந்த கடதாசிகள். இரண்டும் நல்ல கடதாசிகள், இரண்டும் எங்களைக் காப்பாற்றினவை. ஆனால் வீசா இல்லாமல் நான் அங்கே போகமுடியாது, அவ இங்கே வரமுடியாது. ஒருமுறை நயாகராவில் இந்தக் கரையில் நானும் அந்தக் கரையில் அக்காவும் நின்று கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு கை காட்டினோம். நீர்வீழ்ச்சிச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை.

சரி, சிக்கலை அவிழ்ப்பது யார்? உரிமை வைத்திருப்பவர் மட்டும்தான். 2010 இல் ஒராக்கிள் சன்னை வாங்கியது. 2020 இல் தன் தலைமையகத்தை ரெக்சாசின் ஒஸ்ரினுக்கு மாற்றியது. அது நினைத்தால் ஒரு கையெழுத்தில் பெரும்பகுதியைத் தீர்க்கலாம். தீர்க்கவில்லை. லினக்ஸ் பக்கத்தில் எழுதினவர்கள் ஆயிரக்கணக்கில். சிலர் செத்தும் போனார்கள். எல்லாரிடமும் போய்க் கேட்க வழியில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் கதை வேறு. அதுவும் தொடக்கத்தில் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட ஒரு குனூ உரிமத்தில்தான் இருந்தது. கிரியேற்றிவ் கொமன்ஸில் இருந்த கட்டுரைகளோடு சேராது. ஆனால் அந்த உரிமத்தில் 'பின்னால் வரும் பதிப்புகளின்படியும்' என்று ஒரு வாசல் விட்டிருந்தார்கள். 2008 இல் புதுப் பதிப்பு அந்த வாசலைத் திறந்தது. 2009 இல் வாக்கெடுத்து எல்லா மொழி விக்கிப்பீடியாவும் மாறின. எழுதின ஒவ்வொருவரையும் தேடி அலையவில்லை.

இனி எங்கட விசயம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2005 இலிருந்து நூலகம் திட்டத்துக்காரர் ஈழத்துப் புத்தகங்களை மின்வருடி வைக்கிறார்கள். பெரிய வேலை. ஆனால் தமிழில் எழுத்துரு, அகராதி, புத்தகம் என்று எதைச் சும்மா தரும்போதும் நாங்கள் ஒரு வரி கூட்டிவிடுகிறோம். 'வணிகத்துக்கு அல்ல' என்கிறோம். 'இந்தத் தளத்துக்கு மட்டும்' என்கிறோம். நல்ல மனதோடுதான். வணிகத்துக்கு அல்ல என்ற எழுத்துரு டெபியனின் பிரதானத் தொகுப்புக்குள் போகாது. அப்படித் தந்த கட்டுரையை விக்கிப்பீடியா எடுக்காது. ஒரு தளத்துக்கு மட்டும் தந்த புத்தகம் அந்தத் தளத்தோடே நிற்கும்.

பேர்க்லிக்காவது வரியை அழிக்க ஒரு அலுவலகம் இருந்தது. எங்கட எழுத்தாளர்கள் வன்னியிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலுமாகச் சிதறிப்போனார்கள். பலர் இல்லை. பதிப்பகங்கள் குண்டில் போயின. பத்து வருசம் கழித்து அந்த வரியை எடுக்க யாரிடம் போய்க் கேட்கிறது?

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, சொந்தமாக உரிமம் எழுதாதேங்கோ. ஏற்கெனவே பலர் பாவிக்கிற ஒன்றை எடுங்கோ, அதில் ஒரு சொல்லும் கூட்டாதேங்கோ. 'பின்வரும் பதிப்புகளின்படியும்' என்ற வாசல் இருந்தால் அதைப் பூட்டாதேங்கோ. வயதான எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை மின்வருடப் போனால், உங்கள் தளத்துக்கு மட்டுமில்லை, எல்லாருக்குமாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கோ. ஐயா இருக்கும்போதே கேளுங்கோ.